எட்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி

ஜூலை மாதத்தின் கடைசி வாரத்தில் மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸ்களுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே யாருக்கும் தலை நிமிரக்கூட நேரம் இருக்காது. பல ஆண்டுகளாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு ஜூலை 31. அப்படி ஒரு திங்கட்கிழமை காலை, மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சின்ன ஆபீஸ். ஆறு சிஸ்டம், மூலையில் ஒரு சர்வர். ஐந்து சிஸ்டம் வேலை செய்கின்றன. ஜன்னலோரத்தில் இருக்கும் விண்டோஸ் 7 சிஸ்டம் மட்டும் ஆளை உள்ளே விட மாட்டேன் என்கிறது.

அதன் முன்னால் இருந்த அம்மா அங்கே பல வருடமாகக் கணக்கு எழுதுபவர். முகம் வாடியிருந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இதே பாஸ்வேர்டுதான் தம்பி. ஒன்பது தடவை போட்டாச்சு. வயசாயிடுச்சு, நான்தான் எதையோ மாத்தி அடிக்கறேன் போல."

"இன்னொரு தடவை போடுங்கம்மா, நான் பாக்கறேன்" என்றேன்.

விரல்கள் தடுமாறவே இல்லை. என்டர் தட்டினார். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதைப் படிக்காமலேயே ஓகே அழுத்தப் போனார். கையை நிறுத்தச் சொன்னேன். இந்தக் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் தேதியிலோ நேரத்திலோ வித்தியாசம் இருக்கிறது என்பதுதான் அந்த வரியின் பொருள். ஒன்பது முறையும் அதே வரிதான் வந்திருக்கிறது. அதைப் படிக்காததற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசல் கதவு திறக்கவில்லை என்றால் சாவியைத்தான் யாரும் சந்தேகப்படுவார்கள். கடிகாரத்தைப் போய்ப் பார் என்றால் யாருக்குப் புரியும்?

விண்டோஸ் 7 நுழைவுத் திரையில் கடிகாரமே கிடையாது. அதனால் சிஸ்டத்தை அணைத்துப் போட்டு, டெலீட் விசையைத் தட்டி, விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனேன். 2009 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 41 நிமிடம் என்று காட்டியது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஒன்பதே காலுக்குத்தான் மெயின் ஸ்விட்ச் போட்டோம்" என்றார். என் கைக்கடிகாரத்தில் 9.56. சனி, ஞாயிறு முழுக்க மின்சாரம் இல்லாமல் கிடந்த அந்தப் பெட்டி, ஸ்விட்ச் போட்ட நொடியில் தன் பிறந்த தேதிக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.

அவருடைய பாஸ்வேர்டு சரி. அவருடைய ஞாபகமும் சரி. மறதி வந்தது பெட்டிக்கு. ஆனால் தேதியை மறந்த ஒரு பெட்டி ஏன் ஆளையே அடையாளம் தெரியாததுபோல நிற்க வேண்டும்?

ஆபீஸில் பாஸ்வேர்டு அடிக்கும்போது அது கம்பி வழியாக சர்வருக்குப் போகிறது, சர்வர் தன் ஏட்டைப் பார்த்து ஒப்பிடுகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படிப் போனால் அந்தக் கம்பியை ஒட்டுக்கேட்பவனுக்கு பாஸ்வேர்டு இலவசமாகக் கிடைத்துவிடும். 1983-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் அதீனா என்ற திட்டம் தொடங்கி, வளாகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை ஒரே வலையில் இணைத்தபோது இந்தக் கவலை பெரிதாக எழுந்தது. மாணவர்கள் கூட்டம் நிறைந்த இடம். கம்பியை யார் வேண்டுமானாலும் தொடலாம். அங்கே உருவான முறைதான் கெர்பரோஸ். கிரேக்கத் தொன்மத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். விண்டோஸ் 2000-இலிருந்து மைக்ரோசாஃப்டும் ஆபீஸ் வலைகளுக்கு இதையே எடுத்துக்கொண்டது. மயிலாப்பூர் சந்தில் மூலையில் உறுமிக்கொண்டிருந்த சர்வருக்குள்ளும் அந்த நாய்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதன் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை. நீங்கள் பாஸ்வேர்டு அடித்ததும் உங்கள் சிஸ்டம் அதிலிருந்து ஒரு பூட்டைச் செய்கிறது. பிறகு அந்த நொடியின் நேரத்தை எடுத்து, அந்தப் பூட்டால் பூட்டி, சர்வருக்கு அனுப்புகிறது. பாஸ்வேர்டு மேசையை விட்டு நகர்வதே இல்லை. பூட்டிய நேரம் மட்டும்தான் போகிறது. உங்கள் பாஸ்வேர்டிலிருந்து செய்த சாவி சர்வரிடமும் ஒன்று உண்டு. அது திறந்து பார்க்கிறது. திறந்துகொண்டால் பாஸ்வேர்டு தெரிந்த ஆள்தான் பூட்டியிருக்கிறார் என்று ஆகிறது. அடுத்து, உள்ளே இருக்கும் நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் 5 நிமிடத்துக்குள் இருந்தால் டிக்கெட் கொடுக்கிறது. டிக்கெட் என்பது நான் உவமைக்குச் சொல்லும் சொல் இல்லை, அந்த முறையிலேயே அதற்கு அதுதான் பெயர். வழக்கமான அமைப்பில் அந்த டிக்கெட்டுக்கு ஆயுள் 10 மணி நேரம்.

திறந்துகொண்டதே, அது போதாதா, நேரம் வேறு எதற்கு? கம்பியை ஒட்டுக்கேட்பவன் பூட்டைத் திறக்கத் தேவையில்லை. பூட்டிய பொட்டலத்தை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு அதையே சர்வரிடம் நீட்டினால் போதும். மாம்பலம் ஸ்டேஷனில் நேற்று யாரோ வாங்கிக் கீழே போட்ட பிளாட்ஃபாரம் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு இன்றைக்கு உள்ளே போக முடியாததற்குக் காரணம், அதில் அச்சடித்திருக்கும் நேரம். இரண்டு மணி நேரம் தாண்டினால் அது வெறும் காகிதம். கெர்பரோஸுக்கு அடிப்படையான வழிமுறையை 1978-இல் நீதாம், ஷ்ரோடர் என்ற இருவர் வகுத்தபோது அதில் இந்த நேர முத்திரை இல்லை. பழைய செய்தியை மறுபடி நீட்டி ஏமாற்ற ஓர் ஓட்டை இருந்தது. 1981-இல் டோரதி டென்னிங்கும் ஜோவான்னி சாக்கோவும் அதைச் சுட்டிக்காட்டி, செய்திக்குள் நேரத்தைச் சேர்த்தால் அடைபடும் என்றார்கள். மயிலாப்பூர் அம்மா ஓகே அழுத்திக்கொண்டிருந்த அந்த வரியின் வேர் அந்த 1981-இல் இருக்கிறது.

அந்த 5 நிமிடம் என்பது ஒரு சமரசம். ஒரு நிமிடம் என்று வைத்தால் கடிகாரம் கொஞ்சம் ஓடிப்போன நல்ல ஆட்களெல்லாம் வெளியே நிற்பார்கள். ஒரு மணி நேரம் என்று வைத்தால் திருடனுக்கு வசதி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வரின் நேரம் உண்மையான நேரமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சர்வரே அரை மணி நேரம் பின்தங்கி, மற்ற எல்லாச் சிஸ்டமும் அதோடு சேர்ந்து அரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், எல்லோரும் தடையில்லாமல் உள்ளே போவார்கள். ஒத்துப்போவதுதான் இங்கே கணக்கு.

இந்த ஒத்துப்போகும் பிரச்சினையை நம் ஊர் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கட்டிய வான் ஆய்வகத்தின் மிச்சம் அது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் மதராஸ் நேரம்: கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு நேரம். சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊருக்குப் பன்னிரண்டு மணி. மாட்டு வண்டிப் பயணத்துக்கு அது போதும். ரயில் வந்ததும் போதவில்லை. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்ததாலும், தந்திக் கம்பி வழியாக நேரம் சொல்ல ஓர் ஆய்வகம் இங்கே இருந்ததாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் இந்திய ரயில்களுக்கு மதராஸ் நேரம் பொது நேரமானது. பம்பாய்க்காரனுக்கு அது அவன் ஊர்ச் சூரியனோடு பொருந்தாத நேரம்தான். ஆனாலும் எல்லா ஸ்டேஷனும் அதையே காட்டியதால் வண்டிகள் ஓடின.

1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு 5 மணி 30 நிமிடம் என்ற பொது நேரம் வந்தது. கல்கத்தா 1948 வரைக்கும் பம்பாய் 1955 வரைக்கும் தங்கள் பழைய நேரத்தை விடவில்லை. சென்னை பெரிய சண்டை போடாமல் மாறியது. வித்தியாசமும் இங்கே சிறியதுதான். தீர்க்கரேகை ஒரு பாகைக்கு 4 நிமிடம். கழித்துப் பார்த்தால் மதராஸ் நேரத்துக்கும் இன்றைய இந்திய நேரத்துக்கும் நடுவில் 8 நிமிடம் 46 விநாடி.

மயிலாப்பூரில் ஒரு சிஸ்டத்தின் கடிகாரத்தை யாராவது தாத்தா காலத்து மதராஸ் நேரத்துக்குத் திருப்பி வைத்தால், 5 நிமிட எல்லையை அது தாண்டிவிடும். நம் ஊரின் சொந்தச் சூரியனை வைத்து நூறு ஆண்டுக்கு மேல் துல்லியமாகக் கணித்த நேரம், இன்றைக்கு ஒரு ஆபீஸ் சர்வரின் கண்ணில் பழைய டிக்கெட். (பல விண்டோஸ் பதிப்புகள், மறுப்போடு சேர்த்து சர்வர் சொல்லும் நேரத்தை வைத்து வித்தியாசத்தைக் கணக்கில் கொண்டு இன்னொரு முறை கேட்டுப் பார்க்கும். அதனால் சில சிஸ்டம் கொஞ்சம் தடுமாறிவிட்டு உள்ளே போய்விடும். அப்படிப் போனதை வைத்துக் கடிகாரம் சரி என்று எண்ணிவிடக் கூடாது.)

இனி அந்தப் பெட்டியின் மறதிக்கு வருவோம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல வட்டமாக ஒரு செல் இருக்கும். சிமாஸ் பேட்டரி என்று ரிச்சி தெருவில் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் மேலே சிஆர் 2032 என்று எழுதியிருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட், உள்ளே லித்தியம். பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், 1 வரும். அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. எண்ணிக்கொண்டே இருக்க மிக மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும், அதனால்தான் ஒரு சின்ன செல் பல வருடம் தாங்குகிறது.

இந்தப் படிகம் ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி வெட்டப்படுவது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகிறது. சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு விநாடி பின்தங்கும். அது தனியாக ஒருவரையும் வெளியே நிறுத்தாது. 5 நிமிடம் சேர எட்டொன்பது மாதம் ஆகும். ஆளை நிறுத்துவது செல் செத்துப்போவது.

பெட்டி அணைந்திருந்தாலும் ப்ளக்கில் மின்சாரம் இருந்தால், எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி கொடுக்கும் சொட்டு மின்சாரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். செல் செத்தது யாருக்கும் தெரியாது. ஆனால் மின்சாரச் சிக்கனமாகவும், இடி மின்னலுக்குப் பயந்தும், மாலையில் சுவரிலேயே மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான். செல் செத்த பெட்டிகள் அதனால்தான் காலையில் மாட்டிக்கொள்கின்றன. அதுவும் திங்கட்கிழமை, பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அணைத்துவிட்டு விஜயதசமி தாண்டித் திரும்பி வரும் நாள். அந்த நாட்களில் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "சிஸ்டம் உள்ளே விட மாட்டேங்குது."

டொமைன் என்ற ஆபீஸ் வலையில் சேர்ந்திருக்கும் சிஸ்டம் சர்வரிடம் நேரம் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு விண்டோஸிலேயே உண்டு. பல ஆபீஸ்களை அது சத்தமில்லாமல் காப்பாற்றுகிறது. யாரோ அந்த சேவையை நிறுத்தி வைத்திருந்தாலோ, நேரம் போய்வரும் 123-ஆம் எண் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருந்தாலோ அந்தக் காப்பு இல்லை. சர்வர் தன் நேரத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கு இன்று அரசே விதி வைத்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களை தேசிய தகவல் மையத்தின் அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்துவைக்க வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து தந்திக் கம்பியில் போன நேரம் இன்றைக்கு டெல்லியிலிருந்து இணையத்தில் வருகிறது.

நேரத்தில் இன்னொரு வகை ஏமாற்று உண்டு. அனுபவசாலிகளும் இதில் விழுவார்கள். புதிதாக விண்டோஸ் ஏற்றிய பெட்டியில் நேர மண்டலம் அமெரிக்க மேற்குக் கரை என்று இருக்கும். கடிகாரம் தப்பாகத் தெரிகிறதே என்று ஒருவர் மணியை மட்டும் இந்திய நேரத்துக்குத் திருப்பி வைத்துவிடுவார். மூலையில் பத்தரை என்று காட்டும், கைக்கடிகாரத்திலும் பத்தரை. ஆனால் கெர்பரோஸ் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. அந்தக் கணக்கில் பெட்டி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி நிற்கிறது. மணி சரி, மண்டலம் தப்பு.

எல்லாக் கதவும் நேரத்தால் மூடுவதில்லை. தி.நகரில், பாண்டி பஜார் பக்கம், ஒரு கடையின் பின்கட்டு ஆபீஸில் தீபாவளிக்கு முந்தைய வாரம் இரண்டு சிஸ்டத்தில் லாகின் நின்றுபோனது. இணையம் நன்றாக வருகிறது, யூடியூப் ஓடுகிறது, சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. யாரோ இணையம் வேகமாக வரட்டும் என்று டிஎன்எஸ் முகவரியைக் கூகுளின் 8.8.8.8 என்று மாற்றியிருக்கிறார்கள். உள்ளே போக வேண்டிய சிஸ்டம் முதலில் "இந்த ஆபீஸின் காவலாளி எங்கே இருக்கிறார்" என்று டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் காவலாளியைப் பற்றி கலிஃபோர்னியா கம்பெனிக்கு என்ன தெரியும்? முகவரியை மறுபடி சர்வருக்கே திருப்பி வைத்ததும் இரண்டும் திறந்தன. சிஸ்டத்தின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அது வேறு நோய்: முகவரி கொடுப்பவர் யாரும் பதில் சொல்லாததால் பெட்டி தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் கம்பியோ ஸ்விட்சோதான் காரணம். நான் பார்த்த, எலி கடித்த கம்பிகளை எண்ணி மாளாது.

அடையாறிலும் பெசன்ட் நகரிலும் கடல் காற்று அந்த வேலையைச் செய்கிறது. லேன் கம்பியின் முனையில் எட்டு சின்னத் தகடுகள். பழைய 100 மெகாபிட் வேகத்துக்கு அதில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். உப்புக் காற்றில் ஒரு தகடு அரித்தால், விளக்கு பச்சையாகவே எரியும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகும். அல்லது விட்டு விட்டு அறுந்துபோகும். நல்ல கம்பி ஒன்றை மாற்றிச் செருகிப் பார்ப்பதைவிடச் சிறந்த பரிசோதனை இதற்கு எனக்குத் தெரியாது.

கம்பியைப் பிடுங்கிவிட்டால் உள்ளே போகிறதே என்று சிலர் வியப்பார்கள். கடைசியாக வந்த 10 பேரின் அடையாளத்தை விண்டோஸ் தன்னிடமே வைத்திருக்கும். சர்வர் கிடைக்காதபோது அதை வைத்து ஆளை உள்ளே விடும். ஆனால் உள்ளே போனபின் ஷேர் ஃபோல்டர் திறக்காது, டிக்கெட் இல்லையே.

நம்பிக்கை உறவு முறிந்தது என்று வரும் செய்தியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ஆளுக்கு இருப்பதுபோலப் பெட்டிக்கும் சர்வரோடு ஒரு ரகசிய பாஸ்வேர்டு உண்டு. 30 நாளுக்கு ஒரு முறை அதுவே மாற்றிக்கொள்ளும். ஆறு மாதம் அணைத்து வைத்ததால்தான் முறிந்தது என்பார்கள். அப்படி முறியாது. மாற்றத்தைத் தொடங்குவது பெட்டிதான். அது தூங்கினால் சர்வர் காத்திருக்கும். பழைய பேக்கப்பைத் திரும்ப ஏற்றும்போதுதான் முறிகிறது: பெட்டி பழைய பாஸ்வேர்டோடு எழுகிறது, சர்வர் புதியதைக் கேட்கிறது. டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்த்தால் சரியாகும். ஆனால் விலக்கும் முன், அந்தப் பெட்டியின் சொந்த அட்மின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். அது இல்லாமல் விலக்கிவிட்டு இரவு எட்டு மணிக்குக் கண் கலங்கி நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும் பெட்டி வேறு வகை. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. அந்த ஆண்டு தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பி முதல் பதிப்பு மட்டும்தான். 2017 மே 12-இல் பரவிய வான்னாக்ரை என்ற தீங்குநிரல் அந்த மொழியின் ஓட்டை வழியாகத்தான் ஆபீஸ் ஆபீஸாக நுழைந்தது. இன்றைய சர்வர்கள் அந்த மொழியைப் பேசுவதே இல்லை. அதை மறுபடி பேச வைக்கச் சொல்லி என்னிடம் கேட்பவர்களுக்கு என் பதில் முடியாது என்பதுதான். ஒரு பழைய பெட்டிக்காக ஆபீஸ் முழுவதன் வாசலையும் திறந்து வைக்கச் சொல்வது அது. மறந்துபோன நேரத்தை ஒரு செல் போட்டு மீட்கலாம். அந்தப் பெட்டிக்கு ஓய்வுதான் மருந்து.

மயிலாப்பூர் பெட்டிக்கு ஓய்வு தேவைப்படவில்லை. பையில் எப்போதும் இரண்டு செல் வைத்திருப்பேன். ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, பழைய செல்லை நெம்பி எடுத்தேன். மல்டிமீட்டரில் 1.2 வோல்ட் காட்டியது. புதியதைப் போட்டு, வைத்த தேதியை ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டினேன். பயாஸைத் திறந்து, உதவிக்கு நின்ற பையனிடம் மணியை வைக்கச் சொன்னேன். அவன் எதிர்ச் சுவரில் முருகன் காலண்டருக்கு மேலே தொங்கிய கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"அதைப் பார்த்து வைக்காதேடா" என்றார் அம்மா. "எல்லாரும் நேரத்துக்கு வரட்டும்னு சார் அதைப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சிருக்கார். போய் சர்வர்ல என்ன மணின்னு பார்த்துட்டு வா."